வாழையிலைப் படுக்கை

எனக்கு முதலில் வந்தது கன்ன வலி. மூக்கின் ஓரத்தில் தொடங்கிக் காதுவரைக்கும், கரண்ட் அடித்ததுபோல ஒரு வெட்டு வெட்டும். பல் துலக்கினால் வரும், ஜன்னலோரக் காற்றுப் பட்டால் வரும். மன்னார்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். பாடத்தின் நடுவில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிடுவேன். பல்லில் ஒன்றுமில்லை என்றார் பல் டாக்டர். நரம்பு டாக்டர்தான் கண்டுபிடித்தார்: முகத்துக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பில் கோளாறு. கார்பமாசெபின் என்று ஒரு மாத்திரை எழுதினார். வலிப்பு நோய்க்குக் கொடுப்பது, இந்த நரம்பு வலிக்கும் நன்றாகக் கேட்கும் என்றார். உடம்பில் தடிப்பு ஏதாவது வந்தால் நிறுத்திவிட்டு உடனே வரச் சொன்னார்.

என் கழுத்திலும் கைகளிலும் இருக்கும் திட்டுகளைப் பார்த்து, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் "தீக்காயமா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கப்போகிறவரிடம் எவ்வளவு சொல்ல முடியும்? இங்கே முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. வலி அடங்கியது. இரண்டு வாரம் போல நிம்மதியாகச் சோறு மென்று தின்றேன். பிறகு ஒருநாள் வகுப்பில் கண் எரிந்தது. சாக்பீஸ் தூசி என்று கழுவிக்கொண்டேன். சாயங்காலம் காய்ச்சல், தொண்டையில் முள். நீடாமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்கில் வைரஸ் காய்ச்சலாக இருக்கும் என்றார்கள். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். மறுநாள் காலை எழுந்தபோது மார்பிலும் முதுகிலும் செம்புள்ளிகள். நடுவில் கருநீலம். அரிக்கவில்லை, வலித்தது. உதடு இரண்டும் தடித்துப் புண்ணாகியிருந்தன.

அந்த வாரம் அம்மா என்னோடு வந்து தங்கியிருந்தார். நாங்கள் நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். அப்பா இல்லை. ஒரே தம்பி செந்தில் விசைப்படகில் ஆளாகப் போகிறான். என் கணவர் கருணாகரனும் அதே கரையில் படகு இஞ்சின் வேலை பார்த்தவர்தான்; கல்யாணத்துக்குப் பிறகு நீடாமங்கலத்தில் பம்பு செட் பழுது பார்க்கும் பட்டறை போட்டார்.

அம்மா என் முதுகைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மாப்ள, அம்மை போட்டிருக்கு. வேப்பிலை ஒடிச்சிட்டு வாங்க. மாத்திரை மருந்து ஒண்ணும் குடுக்காதீங்க இனிமே."

எனக்குப் பேசவே முடியவில்லை. அன்று எந்த மாத்திரையும் போடவில்லை. அதற்கடுத்த நாள் காலை, கழிவறைக்குப் போக வேண்டும் என்று கை காட்டினேன். கணவர் என் மேல்கையைப் பிடித்துத் தூக்கினார். பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் கட்டைவிரலுக்கடியில் என் தோல், வெந்த தக்காளியின் தோலைப்போல நழுவிச் சுருண்டுவிட்டது. அடியில் ஈரச் சிவப்பு.

"அத்தை, இது அம்மை இல்ல" என்றார். "தடிப்பு வந்தா உடனே வரணும்னு அந்த டாக்டர் சொன்னாரு. கிளம்புங்க."

பட்டறைக்கு எதிரே இருப்பவரின் காரில் பின்சீட்டில் படுக்கவைத்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். குறுவை அறுப்பு நேரம். சாலையில் பாதிக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். கார் நெல்லைச் சுற்றி ஒடித்து ஒடித்துப் போகும்போதெல்லாம் என் முதுகு சீட்டில் உராய்ந்தது. உராயும் ஒவ்வொரு முறையும் எதையோ அங்கே விட்டுவிட்டு வருவதுபோல இருந்தது. முன்னால் ஓர் அறுவடை மெஷின் வழிவிடாமல் போய்க்கொண்டிருந்தது. கணவர் ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினார். அம்மா காலடியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தார். அந்தக் காற்றும் எரிந்தது. சொல்ல வாய் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் ஒரு பெண்மணி. வயது ஐம்பதிருக்கும், சத்தமில்லாத ஆள். புள்ளி இல்லாத ஓரிடத்தில், தோள்பட்டையில், விரலால் லேசாக அழுத்தித் தள்ளினார். தோல் நகர்ந்தது.

"புதுசா என்ன மாத்திரை எடுத்தாங்க?"

கணவர் மஞ்சள் பையைக் கவிழ்த்து, வீட்டிலிருந்த அட்டைகளையெல்லாம் மேசையில் கொட்டினார். டாக்டர் ஒன்றை மட்டும் எடுத்தார்.

"இதை எப்ப நிறுத்துனீங்க?"

"நேத்து காலையிலேர்ந்து போடல மேடம். அம்மைன்னு நினைச்சு எங்க அத்தை நிறுத்தச் சொல்லிட்டாங்க."

"நல்லது பண்ணியிருக்காங்க. இன்னும் ரெண்டு வேளை போட்டிருந்தா கஷ்டம்."

பிறகு நோயின் பெயரைச் சொன்னார். டாக்ஸிக் எபிடெர்மல் நெக்ரோலிசிஸ். எபிடெர்மிஸ் என்றால் மேல்தோல், நெக்ரோலிசிஸ் என்றால் செத்துக் கழன்றுபோவது. அர்த்தம் எனக்குத் தெரியும். வருஷாவருஷம் கரும்பலகையில் மேல்தோல், அடித்தோல் என்று இரண்டு அடுக்கு வரைந்து காட்டுகிறவள் நான். மேல்தோலின் அடிவரிசையில் செல்கள் பிறந்து, ஒன்றையொன்று மேலே தள்ளி, ஏறக்குறைய ஒரு மாதத்தில் உச்சிக்கு வந்து உதிர்கின்றன என்று பாடம் நடத்துவேன். அந்த இரண்டு அடுக்குகளும் என் உடம்பில் பிரிந்துகொண்டிருந்தன. கண்ணின் உள்தோல், வாய், தொண்டை, எங்கெல்லாம் அந்த மெல்லிய போர்வை இருக்கிறதோ அங்கெல்லாம்.

"பொழைச்சுக்குவாங்களா மேடம்?" என்று கணவர் கேட்டது என் காதில் விழுந்தது.

"பெரிய தீக்காயம் மாதிரி நினைச்சுக்கங்க. கிருமி தொத்தாம பாத்துக்கணும், உடம்புத் தண்ணி வத்தாம பாத்துக்கணும். கண்ணைக் காப்பாத்தணும். இன்னும் சில நாள் இது ஏறும். அதுக்கப்புறம்தான் நான் ஏதும் சொல்ல முடியும்."

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

தனி அறையில் போட்டார்கள். பஞ்சு மெத்தையில் படுக்க முடியாது. விரிப்பு ஒட்டிக்கொண்டு, புரளும்போது தோலோடு வரும். அதனால் வாழையிலை. ஜெயந்தி என்ற நர்ஸ் அதைக் கணவரிடம் விளக்கியது நினைவிருக்கிறது: "தண்டு கிழிச்சிட்டுக் கொண்டு வாங்கண்ணே. கழுவி, ஆவியில வெச்சு, ஆற வெச்சு நாங்க விரிச்சுக்குறோம்." அவர் தினமும் திருவையாறு பக்கம் போய்த் தோப்பில் சொல்லி இலை அறுத்து வந்தார். மண் இல்லாத இலை, கிழிசல் இல்லாத இலை, நரம்பு தடிக்காத இளம் இலை. எண்ணெய் தடவிய அந்த இலைகளின்மேல் நான் கிடந்தேன். குளிர்ச்சியாக இருந்தது, ஒட்டவில்லை. விருந்தில் சோறு போடுவதுபோல என்னைப் போட்டிருக்கிறார்கள் என்று ஒருநாள் தோன்றிச் சிரிக்கப் பார்த்தேன். உதட்டில் ரத்தம் வந்தது.

தோல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பரீட்சையில் கேட்டிருக்கிறேன். மூன்று மதிப்பெண் கேள்வி. விடை: உடல் வெப்பம் காக்கப்படாது, நீர் வெளியேறும், கிருமிகள் நுழையும். புரட்டாசி வெயிலில் ஃபேனை நிறுத்தி, அறையைச் சூடேற்றியும் நான் நடுங்கினேன். உடம்பு முழுக்க நீர் கசிந்தது. ஒரு பக்கம் டிரிப்ஸ் ஏறிக்கொண்டே இருக்கும், மறுபக்கம் இலைமேல் வழிந்துகொண்டே இருக்கும். மூக்கில் குழாய் வைத்துக் கஞ்சித் தண்ணீரும் பாலும் விட்டார்கள். உள்ளே வருகிறவர்கள் கவுன், மாஸ்க், கையுறை போட்டுக்கொண்டு வர வேண்டும். அதனால் யார் முகமும் எனக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் அந்த மாஸ்க்கும் தெரியாமல் போயிற்று, இமைகள் ஒட்டிக்கொண்டன.

அதற்குப் பிறகு பகலும் இரவும் ஒன்றுதான். காலையிலும் மாலையிலும் கண் டாக்டர் வருவார். இமையின் உள்பக்கமும் விழியும் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, வழுவழுப்பான கண்ணாடிக் குச்சியை இமைக்கடியில் விட்டுச் சுற்றி எடுப்பார். மரத்துப்போக மருந்து விட்டும் அது வலிதான். குச்சி உள்ளே இருக்கும்போது மங்கலாக வெளிச்சம் தெரிகிறதா என்று தேடுவேன். தெரிந்தால் அன்றைக்குப் போதும். "இன்னொரு சுத்து டீச்சர், இன்னொரு சுத்து, முடிஞ்சிடுச்சு" என்று ஜெயந்தி என் காதருகே சொல்லிக்கொண்டே இருப்பாள். என்னைத் தொட்டுச் சமாதானம் சொல்ல அவளுக்கு உள்ளங்கையையும் உள்ளங்காலையும் தவிர இடமில்லை. அங்கே தோல் கனமானது, கழன்றுபோகாமல் தங்கியிருந்தது. அவள் என் உள்ளங்கையில் தன் விரலை வைத்திருப்பாள்.

மத்தியானத்தில் ஒருவர் மட்டும் கொஞ்ச நேரம் உள்ளே வரலாம். ஒருநாள் அம்மா வந்தார். என்னைப் பார்த்தால் அழுகை வருகிறது என்பதற்காக நிறுத்தாமல் பேசுவது அவர் வழக்கம். பக்கத்து அறைக்காரர்கள், எங்கள் தெரு, என் மகள் யாழினி நாத்தனார் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போவது, எல்லாம் சொன்னார். அப்படியே செந்திலுக்கு வந்தார்.

"தம்பி கடலுக்குப் போயிட்டாம்மா. உன்னைய இப்படி வெச்சுக்கிட்டு நான் போகலம்மான்னுதான் சொன்னான். நான்தான் போடான்னேன், அவன் வீட்டுல உக்காந்து என்ன பண்ணப்போறான். அவனுக்கும் உடம்பு சரியில்லாம இருந்துச்சு. ஒனக்குச் சொல்லல. போன மாசம் வலை பிரிக்கையில கையி காலு இழுத்துக்கிட்டு விழுந்துட்டான். இப்ப மாத்திரை சாப்புடுறான், நல்லாருக்கான். அன்னிக்கு மாப்ள டாக்டரம்மா மேசையில அட்டையக் கொட்டுனாருல்ல? அதுல ஒண்ணு அவன் சாப்புடுற அதே அட்டைதான். நான் பாத்த ஒடனே நினைச்சேன்…"

அதற்குமேல் அவர் சொன்னது என் காதில் ஏறவில்லை.

அம்மாவுக்கு அது ஒரு பேச்சு, அவ்வளவுதான். எந்த மாத்திரையால் நான் இப்படிக் கிடக்கிறேன் என்று அவரிடம் யாரும் விளக்கியிருக்கவில்லை. எனக்கு டாக்டர் விளக்கியிருந்தார். ஒவ்வொரு செல்லும் தனக்குள் என்ன இருக்கிறது என்பதை வெளிப்புறத்தில் எடுத்துக் காட்டிக்கொண்டே இருக்கிறது. அதற்கென்று ஒரு புரதம். அந்தப் புரதத்தின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு. ஆறாவது குரோமோசோமில் இருக்கும் மரபணுக்கள் அதைத் தீர்மானிக்கின்றன. சிலருக்கு இருக்கும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் இந்த மருந்து போய் உட்கார்ந்துகொள்ளும். காவலுக்குச் சுற்றும் வெள்ளணுக்கள் அதைப் பார்த்து, இது நம் செல் இல்லை, எதிரி என்று கொல்லத் தொடங்கிவிடும். என் ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பியிருந்தார்கள், முடிவு வரவில்லை. ஆனால் மரபணு என்றால் அப்பா அம்மாவிடமிருந்து வருவது. எனக்கு வந்தது தம்பிக்கும் வந்திருக்கலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவன் வலிப்புக்குக் கொடுத்த அதே மாத்திரையோடு நடுக்கடலில் இருக்கிறான். மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்கள்தான் ஆபத்தான காலம். அவன் அந்த வாரங்களில்தான் இருந்தான்.

கத்தினேன். வந்தது ஒரு முனகல். நாக்கு பஞ்சுபோல வீங்கி வாயை அடைத்திருந்தது.

"என்னம்மா, வலிக்குதா? சிஸ்டர்! சிஸ்டர்!"

ஜெயந்தி ஓடிவந்தாள். அம்மா "வலி தாங்கல போலருக்கு, ஊசி போடுங்க" என்று அழுதார். வலி ஊசி போட்டால் சாயங்காலம்வரை தூங்கிவிடுவேன். அதற்குள் அவன் இன்னொரு மாத்திரை போட்டுவிடுவான். டிரிப்ஸ் குழாயைத் தொடுவது தெரிந்ததும் கையை உதறினேன். உதறிய கை இலையின் விளிம்பில் பட்டு, முழங்கையிலிருந்து ஒரு பட்டை உரிந்து போனது. அம்மா அலறினார்.

"டீச்சர், அசையாதீங்க! டீச்சர், என்ன வேணும்? ஊசி வேணாமா?"

தலையை ஆட்டினேன். வேண்டாம். பிறகு அவள் கையைத் தேடினேன். அவள் கையுறை போட்ட உள்ளங்கையை என் விரலுக்கடியில் வைத்தாள். நான் எழுதினேன். த. அவளுக்குப் புரியவில்லை. மறுபடியும் எழுதினேன்.

"த… தண்ணியா?"

இல்லை. ம் எழுதினேன். பி எழுதினேன்.

"தம்பி? தம்பியைப் பாக்கணுமா?"

இல்லை, இல்லை. மா. த். அடுத்த எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. அவள் பொறுமையாகக் கையை விரித்து வைத்திருந்தாள்.

"மாத்திரை. தம்பி மாத்திரை." பிறகு குரல் மாறி அம்மாவிடம் கேட்டாள்: "அம்மா, இவங்க தம்பி என்ன மாத்திரை சாப்பிடுறாரு?"

அம்மா சொன்னதும் அவள் டாக்டரைத் தேடி ஓடும் செருப்புச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் ஊசிக்குச் சம்மதித்தேன்.

அந்தச் சாயங்காலம் நடந்ததைக் கணவர் பிற்பாடு சொன்னார். டாக்டர் நாகப்பட்டினத்துக்குப் போன் போட்டு, செந்திலுக்கு மருந்து கொடுத்த இடத்தில் விசாரித்தார். அதே மாத்திரைதான். டாக்டர் உடனே முடிவு சொல்லிவிடவில்லை.

"அவருக்கும் அதே அமைப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். டெஸ்ட் பண்ணாமத் தெரியாது. கரையில இருந்தா இன்னைக்கே வேற மாத்திரைக்கு மாத்திடுவேன். கடல்ல வேற மாத்திரை இல்ல. திடீர்னு நிறுத்துனா வலிப்பு வரலாம்."

"அவனுக்கு வலிப்புன்னே போட்டுல யாருக்கும் தெரியாது மேடம்" என்றார் கணவர். "சொல்லாமதான் போயிருக்கான். சொல்லியிருந்தா ஏத்தியிருக்க மாட்டாங்க."

அதைக் கேட்ட பிறகுதான் டாக்டர் முடிவு சொன்னாராம். "நிறுத்தச் சொல்லுங்க. ஆனா வெறுமனே நிறுத்தச் சொல்லாதீங்க. என்ன நோய்னு டிரைவர்கிட்ட சொல்லி, தனியா விடாமக் கரைக்குக் கொண்டு வரச் சொல்லுங்க. ரெண்டும் சேந்துதான். ஒண்ணு இல்லாம இன்னொண்ணு கூடாது."

எங்கள் பக்கம் படகைப் போட்டு என்றும், அதை ஓட்டி நடத்துகிறவரை டிரைவர் என்றும் சொல்வோம். படகில் வயர்லெஸ் உண்டு, ஆனால் அவ்வளவு தூரத்துக்குக் கரையிலிருந்து எட்டாது. கணவர் படகு முதலாளியைப் பிடித்தார். முதலாளி கரைக்குப் பக்கத்தில் இருந்த படகுக்குச் சொன்னார். அந்தப் படகு அடுத்த படகுக்குச் சொன்னது. வயர்லெஸ் என்பது போன்மாதிரி இரண்டு பேருக்குள் நிற்காது. செட்டைப் போட்டு வைத்திருக்கும் எல்லோரும் கேட்பார்கள். செந்திலுக்கு வலிப்பு நோய், அவன் பையில் இருக்கும் மாத்திரையைப் போட விடாதீர்கள், அவனைத் தனியே விடாதீர்கள், படகைத் திருப்புங்கள். என் தம்பி யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்ததை, கடலில் இருந்த அத்தனை படகுகளும் வாய்க்கு வாய் சொல்லிக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

பதில் வரும்வரை கணவர் வராந்தாவில் நின்றார். ஊசி தெளிந்து நான் முனகியபோது உள்ளே வந்து, இலைக்கு மேல் குனிந்து சொன்னார்: "சேதி போயிட்டு தமிழு. போட்டைத் திருப்பிட்டாங்க." தமிழரசி என்ற என் பெயரை அவர் அப்படித்தான் சுருக்குவார். எனக்கு அழ வேண்டும்போல இருந்தது; கண்ணீர் சுரக்கும் வழியெல்லாம் புண்.

படகு திரும்பி வரும் வழியில் செந்திலுக்கு வலிப்பு வந்தது. பின்பக்கத்தில், வலை குவித்திருந்த இடத்தில். பக்கத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். டிரைவர்தான் அவர்களைக் காவலுக்கு உட்கார வைத்திருந்தார். பிடித்து ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் கையைக் கொடுத்துக் காத்தார்கள். கரையில் இறங்கும்போது நினைவு இருந்தது. உடம்பில் ஒரு தடிப்புகூட இல்லை. வேறு மாத்திரை தொடங்கினார்கள்.

இதை எனக்குச் சொன்னவர் அம்மாதான், விட்டு விட்டு. "மாத்திரைய நிறுத்துனதாலதான் வலிப்பு வந்துச்சுன்னு சொல்றாங்க சில பேரு" என்று முடித்தார். நான் பதில் சொல்ல வாய் இல்லாதவளாக இருந்தது அன்று நல்லதாகப் போயிற்று.

அதற்குப் பிறகு என் உடம்பு தேறத் தொடங்கியது. எந்த நாளில் என்று சொல்லத் தெரியவில்லை. புதிதாக உரிவது நின்றது. உரிந்த இடத்தில் கசிவு குறைந்தது. ஒருநாள் டாக்டர் ஜெயந்தியிடம், "இங்க பாரு, தீவு தீவா வருது" என்றார். மேல்தோல் முழுக்கப் போனாலும், ரோமம் முளைக்கும் குழிகளுக்குள் அடிவரிசைச் செல்கள் கொஞ்சம் பதுங்கியிருக்கும். அவை பிரிந்து, பெருகி, குழியை விட்டு வெளியே வந்து பரவும். என் முதுகில் அங்கங்கே அப்படிச் சின்னச் சின்ன வட்டங்கள் தோன்றி, ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டன. ஒவ்வொரு செல்லும் பிரிவதற்கு முன்னால் தன் டி.என்.ஏ.வை முழுக்க ஒருமுறை நகல் எடுக்கிறது. அந்த மாத்திரையோடு ஒத்துப்போகாத அதே மரபணுவையும் சேர்த்துத்தான். புதுத் தோலும் பழைய நானேதான்.

இமை திறந்த அன்று நான் பார்த்தது ஜெயந்தியின் கண்கள். மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண், நெற்றியில் வியர்வை. நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். "என் மூஞ்சி எப்டி இருக்கு?" என்று கேட்டேன். அவள் யோசித்து, "வெயில்ல உரிஞ்ச மாதிரி இருக்கு டீச்சர்" என்றாள். வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தேன். அவள் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லியிருந்தாள். கண்ணீர் சுரப்பு போய்விட்டது. மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறேன். நகங்கள் எல்லாம் விழுந்து மறுபடி முளைத்தன. கன்ன வலி திரும்ப வந்தது. வேறு மருந்தில் ஓரளவு அடங்கியிருக்கிறது.

சென்னையிலிருந்து என் முடிவு வந்தது: டாக்டர் சந்தேகப்பட்ட அதே மரபணு வகை எனக்கு இருந்தது. அதன் பிறகு யாழினிக்கும் செந்திலுக்கும் ரத்தம் எடுத்து அனுப்பினோம். யாழினியிடம் இருந்தது. அது நோய் இல்லை, வாழ்நாளில் அந்த மாத்திரையையும் அதைச் சேர்ந்த சிலவற்றையும் தொடக் கூடாது, அவ்வளவுதான் என்று அவளுக்குப் புரியவைத்தேன். அவள் பர்ஸில் அதை எழுதி வைத்திருக்கிறோம்.

செந்திலிடம் இல்லை.

அந்தத் தகவலைப் போனில் சொல்லாமல் வீட்டுக்கு வரச் சொன்னேன். இனிக் கடலுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அவன் இப்போது துறைமுக ஏலக்கூடத்தில் மீனை எடைபோட்டுப் பெட்டியில் அடுக்குகிறான். பஸ்ஸைப் பிடித்து நீடாமங்கலம் வந்து, சாப்பிட்டு முடிக்கும்வரை எதுவும் கேட்கவில்லை. பிறகு நான் சொன்னேன்.

"அப்ப அந்த மாத்திரைய நான் தின்னுக்கிட்டே இருந்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது" என்றான்.

"அனேகமா ஆயிருக்காது."

"நிறுத்தலன்னா வலிப்பும் வந்திருக்காது."

"அது தெரியாதுடா. டாக்டர்கிட்ட கேட்டேன். வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம்னாங்க."

அவன் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். என் கணவர் எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார். "உன் பொழைப்பக் கெடுத்துட்டேனாடா?" என்று கேட்டே விட்டேன்.

"எல்லா போட்டுக்காரனும் கேட்டுட்டான்க்கா. துறைமுகத்துல நடந்தா பின்னாடி பேசுறான். கொஞ்ச நாளு உன் மேல எனக்குக் கோவம் இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது." நிமிர்ந்து பார்த்தான். "ஆனா வலை இழுக்கையில நான் நிக்கிற எடம் உனக்குத் தெரியாது. பின்னணியத்துல, போட்டோட கடைசியில, பிடிக்க ஒண்ணுமில்லாத எடம். மொதத் தடவ விழுந்ததுக்கு அப்புறமும் நான் அங்கதான் நின்னேன். யாருக்கும் தெரியாம. டிரைவர் கேட்டாரு, ஏன்டா சொல்லல, உன்னையத் தண்ணியில விட்டுட்டு உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்னு."

கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொள்ளும் நேரம் தாண்டி எரிந்தது. அவனே பாட்டிலை எடுத்து, என் தாடையை நிமிர்த்தி, ஒவ்வொரு கண்ணிலும் ஒரு சொட்டு விட்டான். கைநடுக்கம் இல்லை.

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "போன வாரம் டிரைவர் ஏலக்கூடத்துக்கு வந்தாரு. போட்டுல சமைக்க ஆளு வேணுமாம். வலைப்பக்கம் வர வேணாம், உள்ளேயே இருன்னாரு."

நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். "அடுப்புடா! ஆடுற போட்டுல, கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னாடி… வலிப்பு வந்தா என்ன ஆவும்? டாக்டர் என்ன சொன்னாங்கன்னு மறந்துட்டியா?"

"போகலக்கா" என்றான் சிரித்துக்கொண்டே. "வரலன்னு சொல்லிட்டேன். எல்லாம் தெரிஞ்ச பிறகும் என்னைய வந்து கேட்டாரு, அதத்தான் உங்கிட்ட சொன்னேன்."